ஜெயித்தது யார் குற்றம்

யங்ஸ்டவுன் சம்மட்டிகள் அணி தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களில் தோற்றபோது யாரும் விசாரணை வைக்கவில்லை. ஒன்பதாவது ஆட்டத்தில் ஜெயித்தது. மறுநாள் காலையிலேயே விசாரணைக் குழு அமைத்துவிட்டார்கள்.

குழுவின் முன்னால் முதலில் நிறுத்தப்பட்டவன் டெல்மர் குபிக். பந்தை உதைப்பது அவன் வேலை. கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டு எல்லாரும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. ஓட வழியில்லாமல் போகும்போது காலை உபயோகிப்பதற்கென்று தனியாக ஓர் ஆளை வைத்திருப்பார்கள். அவன் வந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. ஞாயிற்றுக்கிழமை பனியில் டெல்மர் அதைச் செய்துவிட்டான். ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கோச் ராத்கே அவனை நிம்மதியாகத்தான் உள்ளே அனுப்பினார். பந்து நடுவில் போனது. அரங்கத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. பிறகு மேல் வரிசையிலிருந்து யாரோ, "அடப்பாவி!" என்றார்கள்.

விசாரித்தவர் லூ டிமாசியோ, அணியின் பாதுகாப்பு அதிகாரி. முப்பது வருஷம் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்புகள் எல்லாம் எங்கெங்கோ போய்விட, சந்தேகம் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

"உக்காருப்பா. தண்ணி வேணுமா?"

"வேணாம் சார்."

"ஏன் வேணாம்? தொண்டை அடைக்குதா?"

"தாகம் இல்ல சார்."

டிமாசியோ பக்கத்தில் இருந்த குழு உறுப்பினரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

"பந்து நடுவுல போச்சே, உதைக்கும்போது அது எங்க போகணும்னு நெனச்ச?"

"நடுவுலதான் சார்."

"ஆக, திட்டம் போட்டுச் செஞ்சிருக்க."

"அதுதானே சார் என் வேலை?"

"அப்படின்னு உனக்கு யார் சொன்னா? பேரைச் சொல்லு."

டெல்மருக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். பதின்மூன்று வருஷமாக ஒவ்வோர் அணியின் கதவையும் தட்டி, உதைத்துக் காட்டி, திரும்பி வந்தவன். முப்பத்து மூன்று வயதில் இந்தக் கதவு மட்டும் திறந்தது. திறந்தவர்கள் எதற்காகத் திறந்தார்கள் என்பதை அவன் அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தான்.

விஷயம் இதுதான். அந்த லீகில் ஒரு வழக்கம் உண்டு. வசந்த காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பங்கு போடுவார்கள். எல்லாரையும்விட மோசமாக ஆடிய அணிதான் முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். கால் முறிந்தவனுக்கு ஊன்றுகோல் கொடுப்பதைப் போல நல்லெண்ணத்தில் வைத்த விதி. நாளடைவில், ஊன்றுகோலுக்காகக் காலை முறித்துக்கொள்வது ஒரு தொழிலாகிவிட்டது.

அந்த வருஷம் டெக்சஸில் ஒரு கல்லூரிக்காரன் இருந்தான். அவன் எறிந்தால் பந்து ஆளைத் தேடிக்கொண்டு போகும் என்றார்கள். யங்ஸ்டவுனில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. நிச்சயம் ஆகாத மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல 'டெக்சஸ்காரன்' என்று மட்டும் சொன்னார்கள். மதுக்கடைகளில் அவன் படம் மாட்டியிருந்தது. ஒரு தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையில் 'அவர் வருவார்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஆட்கள் கை தட்ட ஆரம்பித்ததால், பாதிரியார் அதை அழித்துவிட்டு ஞாயிறு பூசை நேரத்தை எழுதினார்.

ஆனால் தோற்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு போடக்கூடாது. போட்டால் லீக் தண்டிக்கும். ஆகவே அணியில் ஒருவர்கூடத் 'தோல்வி' என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. அணி மேலாளர் பிரெஸ்காட் வெய்லண்ட் அதற்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்திருந்தார். நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றது பொறுமை. முழங்கால் தேய்ந்தவர்களைத் தேடிப்பிடித்து வாங்கியது பொறுமை. பொறுமை என்ற சொல்லை ஆளுயர எழுத்தில் உடைமாற்றும் அறையின் சுவரில் பொறித்திருந்தார்கள். வெளியே போகும்போது ஒவ்வோர் ஆட்டக்காரனும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய உதைப்பாளன் பொறுமை இல்லாதவன். பந்தைத் தவறவிடவே மாட்டான். அவனை மேற்கே ஓர் அணிக்கு அனுப்பிவிட்டு மூன்று பேரை அழைத்து உதைக்கச் சொன்னார்கள். மற்ற இருவரும் நன்றாக உதைத்தார்கள். டெல்மர் காலைப் பேருந்தை முடித்துவிட்டு அப்படியே ஓடி வந்தவன். சொந்தக் காலணி மனைவியின் காரில் மாட்டிக்கொண்டது. அணி கொடுத்த காலணி ஒன்றரை அளவு பெரிது. உதைத்த பந்துகளில் ஒன்று பக்கத்தில் இருந்த கோச்சின் தொப்பியைத் தட்டிவிட்டது. அணியின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்த நான்கு பட்டதாரிகள் படம் வரைந்து பார்த்து, நாட்டிலேயே இவனைவிட மோசமான கால் கிடைக்காது என்று சொன்னார்கள். வெய்லண்ட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "உன்னைத்தான் தேடிட்டிருந்தோம்" என்றார். டெல்மர் வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுதான்.

அடுத்த நாள் சொந்தக் காலணி வந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதாவது ஆட்டம் வரை அவன் உதைக்க வாய்ப்பும் வரவில்லை.

விசாரணை முடிந்த அன்று மாலையே வெய்லண்ட் ஆட்டக்காரர்களைக் கூட்டிப் பேசினார்.

"நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை நடந்ததுக்கு நான் யார் மேலயும் பழி போட மாட்டேன். ஜெயிக்கறது மனித இயல்பு. நானும் சின்ன வயசுல ஜெயிச்சிருக்கேன். ஆனா நம்ம நிறுவனம் உடனடி சந்தோஷத்துக்கு ஆசைப்படற நிறுவனம் இல்ல. ரசிகர்கள் நம்மள நம்பி டிக்கெட் வாங்குறாங்க. அவங்க நம்பிக்கையை ஒருத்தர் காலால உதைச்சுட்டாரு. யாருன்னு சொல்ல மாட்டேன். அவர் பேரு டெல்மர்."

எல்லாரும் டெல்மரைப் பார்த்தார்கள். ஆம்ப்ரோஸ் டைல்ஸ் மட்டும் கூரையைப் பார்த்தான். டெல்மர் உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிப்பவன் அவன்.

"மச்சான், கொஞ்ச நாள் என் பக்கத்துல உக்காராத" என்றான் பிறகு, வாயை அசைக்காமல். "நான் பந்தைப் புடிச்சதே தப்பாம். 'ஏன் அவ்வளவு நேராப் புடிச்ச?'ன்னு அந்தக் கிழவன் முக்கால் மணி நேரம் கேக்குறான்."

"நீ என்ன சொன்ன?"

"கை பழக்கம்னு சொன்னேன். பழக்கத்தை மாத்திக்கச் சொல்லி ஒரு ஆளைப் போட்டிருக்காங்க."

டெல்மருக்கும் ஆள் போட்டார்கள், மனப்பயிற்சி அளிக்கும் பெண்மணி ஒருவர். மெத்தையில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

"பந்து கம்பத்துக்கு வெளிய போகுது. பாக்குறீங்களா?"

"பாக்குறேன் மேடம்."

"இப்ப உங்கள நீங்களே மன்னிச்சிடுங்க."

"இன்னும் வெளிய போகலையே மேடம்?"

"முன்கூட்டியே மன்னிச்சாத்தான் போகும்."

சாம்பல் நிறக் கார் ஒன்று அவன் பின்னாலேயே வந்தது. மளிகைக் கடைக்கு வந்தது, பல் டாக்டரிடம் வந்தது. டிமாசியோவின் ஆட்கள். டெல்மரைக் காசு கொடுத்து யாரோ ஜெயிக்க வைத்திருக்கிறார்கள் என்பது டிமாசியோவின் முடிவு. ஒரு மனிதன் காரணமில்லாமல் வேலையை ஒழுங்காகச் செய்ய மாட்டான் என்பது முப்பது வருஷ அனுபவம்.

நன்றித் திருநாளன்று விருந்துக்கு டெல்மரும் மனைவி ரொவீனாவும் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். மாமனார் ஸ்டான் ஸெலிங்கா, ஊர் இரும்பு ஆலை மூடியதிலிருந்து சம்மட்டிகளின் தீவிர ரசிகர். அணி தோற்றுக்கொண்டிருந்த நாட்களில் மளிகைக் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, தலையில் மாட்டிக்கொண்டு அரங்கத்துக்குப் போவார். வெட்கத்துக்காக மாட்ட ஆரம்பித்தது அந்த ஊர் வழக்கம். இந்த வருஷம் பையில் டெக்சஸ்காரனின் சட்டை எண்ணை எழுதிப் பெருமையாகவே மாட்டினார்கள். ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பிறகு ஸ்டான் எண் எழுதாத வெறும் பையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குக்கூடப் போய் வந்தார். மருமகனால் வந்த நிஜமான வெட்கம்.

விருந்து மேஜையிலும் பையோடுதான் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, வான்கோழிய எப்படிச் சாப்பிடுவீங்க? கழட்டுங்க" என்றாள் ரொவீனா.

"உன் புருஷன் போகட்டும், கழட்டுறேன்."

"மாமா, நான் என் வேலையத்தானே செஞ்சேன்?" என்றான் டெல்மர்.

"வேலையா? தெருவுல தலை காட்ட முடியல மாப்ள. சலூன்ல கேக்குறான், 'உங்க மருமகனுக்கு யாரு படியளக்குறா'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"யாரும் அளக்கல."

"சும்மா சொல்லாத. நான் உன் மாமனாரு. என்கிட்டயாவது உண்மையச் சொல்லு. பியோரியாக்காரனா? அவனுங்களும் நம்ம அளவுக்குத் தோத்துட்டிருக்கானுங்களே."

டெல்மர் பியரோகிக் கொழுக்கட்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஓட்டைகள் வழியாக இரண்டு கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கோச் ராத்கே டெல்மரை உள்ளே அனுப்பவே இல்லை. உதைத்தால் மூன்று புள்ளி நிச்சயம் என்ற இடத்தில்கூட ஆட்களை மோதவிட்டார். பந்து பறிபோனது. பத்திரிகைகள் அவரைத் துணிச்சல்காரர் என்று எழுதின. தடுப்பாட்டக்காரன் ஒருவன் எதிராளி எறிந்த பந்தைத் தற்செயலாகப் பிடித்துவிட, அவனை மூளை அதிர்ச்சி என்று சொல்லி இரண்டு வாரம் உட்கார வைத்தார்கள். அவன் தலையில் யாரும் இடிக்கவில்லை. மற்றபடி ஆட்டப் பருவம் திட்டப்படி கெட்டது.

ஒரு சிக்கல்தான் பாக்கி. பியோரியா உழவர்கள் அணியும் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் ஜெயித்திருந்தது. கடைசி ஆட்டம் யங்ஸ்டவுனில், இரண்டு அணிகளும் நேருக்கு நேர். தோற்பவருக்கு டெக்சஸ்காரன்.

அந்த வாரம் வெய்லண்ட் டெல்மரைத் தன் அறைக்கு அழைத்தார். மூலை நாற்காலியில் டிமாசியோ உட்கார்ந்திருந்தார்.

"டெல்மர், அடுத்த ரெண்டு வருஷத்துக்கு உன்னை வச்சுக்கலாம்னு இருக்கோம்."

டெல்மர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். "என்னையா சார்?"

"டெக்சஸ்காரன் வந்தா நாம ஜெயிக்க ஆரம்பிச்சிருவோம். ஜெயிக்கிற அணிக்கு நல்லா உதைக்கிற ஆள் வேணும்."

"அப்ப நான் நல்லா உதைக்கிறேன்னு ஒத்துக்கறீங்களா சார்?"

"அடுத்த வருஷம் ஒத்துக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை உதைக்க வேண்டி வந்தா... நான் தவற விடணுமா?"

வெய்லண்ட் சுடுநீர் பட்டவர்போல எழுந்தார். "அப்படி நான் சொன்னேனா? லூ, நான் அப்படிச் சொன்னேனா?"

"நீங்க வாயே தெறக்கல" என்றார் டிமாசியோ.

"ஞாயித்துக்கிழமை காத்து பலமா இருக்கும்னு மட்டும்தான் சொல்ல வந்தேன். இயற்கை. அதை யாராலயும் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது."

வீட்டில் ரொவீனாவிடம் சொன்னான். பேருந்து வேலையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பதிமூணு வருஷமா எத்தனை அணிக்காரன் முன்னாடி சும்மாவே தவற விட்டிருக்க. ஒரு தடவை கூலிக்குத் தவற விட்டா குறைஞ்சா போயிருவ?"

நியாயமான பேச்சு. டெல்மர் யோசித்துப் பார்த்தான். குறைந்து போக அவனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. சரி, தவற விட்டுவிடலாம் என்று முடிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காற்றே அடிக்கவில்லை. கொடிகள் துவண்டு தொங்கின. லீகிலிருந்து பார்வையாளர் ஒருவர் வந்து, மேலே கண்ணாடி அறையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு அணியும் நேர்மையாக ஆடுகின்றனவா என்று பார்ப்பதற்காம்.

அதைப் போன்ற ஆட்டத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. பியோரியாக்காரன் பந்தைக் கீழே போட்டான். யங்ஸ்டவுன்காரன் மரியாதையாக அதைத் தாண்டிக்கொண்டு ஓடினான். பந்து தனியாகக் கிடந்தது. ஒருவன் பந்தோடு எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டான். தடுக்க யாரும் வரவில்லை. பயந்து போய்த் தானே இடறி விழுந்தான். அவனை அணியினர் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அரங்கம் முழுக்கக் காகிதப் பைகள். தங்கள் அணி பந்தைத் தொலைக்கும்போதெல்லாம் பைகள் எழுந்து ஆரவாரம் செய்தன. கண்ணாடி அறையில் இருந்தவர் இரண்டு அணிகளின் கடும் தற்காப்பைப் பாராட்டியதாகப் பிறகு தெரிந்தது.

கடைசி நிமிஷம் வரை இரண்டு பக்கமும் புள்ளியே இல்லை. பந்து யங்ஸ்டவுன் கையில் மாட்டிக்கொண்டது. பியோரியா அப்போது தன் மூளையைக் காட்டியது. அவர்கள் ஆட்கள் வேண்டுமென்றே விதியை மீறினார்கள். மீறினால் தண்டனையாகப் பந்தை அவர்கள் கம்பத்துப் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். மறுபடி மீறினார்கள். மறுபடி நகர்ந்தது. நடுவரின் சட்டையைப் பிடித்து இழுத்தான் ஒருவன். யங்ஸ்டவுன் ஆட்கள், "பரவால்ல சார், தெரியாமச் செஞ்சுட்டாரு, மன்னிச்சிருங்க" என்று நடுவரிடம் கெஞ்சினார்கள். நடுவர் மன்னிக்கவில்லை. பந்து கம்பத்தின் காலடிக்கே வந்துவிட்டது. மூன்று நொடி பாக்கி.

அந்த இடத்திலிருந்து உதைக்காமல் விட்டால் தொலைநோக்கி வைத்திருப்பவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். கோச் ராத்கே டெல்மரின் தோளைப் பிடித்தார்.

"போ. காத்தைப் பாத்துக்க."

"காத்து இல்லையே கோச்."

"பாத்துக்கன்னு சொன்னேன்ல?"

டெல்மர் உள்ளே போனான். ஆம்ப்ரோஸ் மண்டியிட்டுக் கையை நீட்டியிருந்தான். எதிரே பியோரியா ஆட்கள் விலகி நின்று வழிவிட்டார்கள். அதில் ஒரு மலைபோன்ற ஆள், "அவசரமே இல்லண்ணே, நிதானமா அடிங்க" என்றான்.

"மச்சான்" என்றான் ஆம்ப்ரோஸ், தலை நிமிராமல். "உன்னைத் தவற விடச் சொன்னாங்களா?"

"ம்."

"என்னையப் பந்தை நழுவ விடச் சொன்னாங்க. எறிஞ்சு குடுக்கறவனை என் தலைக்கு மேல எறியச் சொல்லியிருக்காங்க. உன்மேல நம்பிக்கை இல்லையாம்."

டெல்மர் அப்படியே நின்றான். பதின்மூன்று வருஷத்தில் யாரும் அவன் சரியாக உதைப்பான் என்று நம்பியதில்லை. அது பழகிவிட்டது. இப்போது அவன் தவறாக உதைப்பான் என்றுகூட நம்பவில்லை. விலைக்கு வாங்கிய பிறகும் சந்தேகம். இனி அவன் தவற விட்டால் அதுகூட அவன் தவற விட்டதாக இருக்காது. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், பந்து உள்ளே போனாலும் வெளியே போனாலும், யார் சொல்லி என்றுதான் டிமாசியோ கேட்பார். கொஞ்ச நாளில் தானே தன்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவான்.

"நீ என்ன பண்ணப் போற?" என்றான்.

"நீ அடிக்கிறதா இருந்தா புடிச்சு வைக்கிறேன். அடிக்க மாட்டேன்னா சொல்லிரு, நான் நழுவ விட்டுப் பேரெடுத்துக்கறேன். ரெண்டு பேரும் எதுக்குக் கெடணும்?"

"புடி."

பந்து ஆம்ப்ரோஸின் தலைக்கு மேலேதான் வந்தது. ஆம்ப்ரோஸ் எக்கி, ஒற்றைக் கையால் இழுத்து, தரையில் குத்தி நிறுத்தினான், ஊசி நட்டதுபோல. டெல்மர் உதைத்தான். பந்து இரண்டு கம்பங்களுக்கும் சரியான நடுவில், யாரும் வேறு மாதிரி அர்த்தம் சொல்ல முடியாதபடி போனது.

பியோரியா ஆட்கள் துள்ளிக் குதித்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அந்த மலைபோன்ற ஆள் டெல்மரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினான். சொந்த ஊர் ரசிகர்கள் காகிதப் பைகளைக் கழற்றிக் கசக்கி அவன்மேல் எறிந்தார்கள். ஜெயித்தவனைத் தோற்றவர்கள் சுமக்க, சொந்த ஊர் அடிக்கிற காட்சியை லீக் பார்வையாளர் எழுந்து நின்று கைதட்டிப் பார்த்தார். விளையாட்டுப் பண்பு என்றார்.

அன்றே பத்திரிகையாளர்கள் முன்னால் வெய்லண்ட் பேசினார். "இந்த வெற்றி எங்கள் நீண்டகாலத் திட்டத்தின் பலன். ஆரம்பத்திலிருந்தே நாங்கள் டெல்மரை நம்பினோம்." மறுநாள் டெல்மரை நீக்கினார். ஆம்ப்ரோஸையும் நீக்கினார். டிமாசியோ தன் விசாரணையை வெற்றிகரமாக முடித்தார். பியோரியாக்காரன் டெல்மரைத் தோளில் தூக்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த வாரம் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. பியோரியா அணியின் மேலாளர்.

"குபிக், எங்க ஊர்ல உனக்குச் சிலை வைக்கலாம்னு பேசிக்கறாங்க. அது கெடக்கட்டும். எங்களுக்கு உதைக்க ஆள் வேணும். வர்றியா?"

"வர்றேன் சார். உடனே வர்றேன்."

"ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நீ எங்களுக்காகத்தானே அடிச்ச?"

டெல்மர் பொய் சொல்லியிருக்கலாம். ரொவீனா கண்ணாலேயே சொல்லச் சொன்னாள்.

"இல்ல சார். எனக்காக அடிச்சேன்."

எதிர்முனையில் காகிதத்தை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி... எங்க ஆளுங்ககிட்ட கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்றார் மேலாளர். அவர் குரல் டிமாசியோவின் குரலைப் போலவே ஆகிவிட்டது.

டெல்மர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஸ்டான் ஸூப் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு தர்றானாம்?"

"ஒண்ணும் தரல. வேலையும் இல்ல."

"இப்பத்தியத விடு. அன்னைக்கு அடிச்சதுக்கு?"

"அன்னைக்கும் ஒண்ணும் இல்ல மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஸ்டான் மருமகனின் முகத்தையே பார்த்தார். வாரக்கணக்காகச் சந்தேகப்பட்டவர், இப்போதுதான் அவனை முதல்முறையாக நம்பினார். நம்பியதும் முகம் வெளுத்துவிட்டது.

"காசு வாங்கிட்டு அடிச்சான்னு சொன்னா, ஊர்ல நாலு பேரு புரிஞ்சுக்குவான், மாப்ள" என்றார். "சும்மாவே அடிச்சிருக்கியே. இதை நான் போய் யார்கிட்டச் சொல்லுவேன்?"